ஹொட் டப்பும் ஹைட்ரோ பில்லும்: மூடியா, பாகையா, ஹீற் பம்ப்பா?

ரொறன்ரோப் பக்கம் பின்வளவில் ஹொட் டப் (சுடுதண்ணீர்க் குளியல் தொட்டி) வைத்திருப்பவர்கள் தை மாதத்து ஹைட்ரோ பில்லை, அதாவது கரண்ட் பில்லை, பார்த்து ஒருதரமாவது தலையில் கைவைத்திருப்பார்கள். செலவைக் குறைக்க நாலு வழி சொல்வார்கள்: புது மூடி, பாகையைக் குறைப்பது, மலிவு நேரத்தில் சூடாக்குவது, ஹீற் பம்ப் (வெளிக்காற்றில் உள்ள சூட்டை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் மெஷின்). என் ஓட்டு மூடிக்கு.

ஆவியை மறித்து வைப்பது மூடிதான். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிற் (கிலோவாட்-மணி) சூட்டையும் கொண்டுபோய்விடும். 1,500 லீற்றர் தொட்டி கிட்டத்தட்ட 0.4 பாகை இறங்க அதுவே காணும். எங்கள் மூடியை வாங்கிய புதிதில் மகள் ஒரு கையால் மடிப்பாள். சில வருடம் போக, நானே மூச்சுப் பிடித்துத்தான் தூக்கினேன். உள்ளே இருந்த நுரைப்பலகை தண்ணீர் குடித்துவிட்டது. ஈரம் ஊறிய நுரை சூட்டை மறிக்காது. உங்கள் மூடியில் ஸ்நோ விழுந்ததும் போய்ப் பாருங்கள். நடுமடிப்பில் மட்டும் உருகிக் கோடு விழுந்திருந்தால் காசு போகிற வழி அதுதான்.

அடுத்தது பாகை. "ஆறவிட்டுத் திரும்பச் சூடாக்கத்தான் கூடக் கரண்ட் பிடிக்கும், எப்பவும் 38இல் விடு" என்று எல்லா வீட்டிலும் ஒரு அண்ணை சொல்வார். பிழை. வெளியே 0 பாகை என்றால், 38இல் இருக்கும் தொட்டி 38 பங்கு சூட்டை இழக்கும் இடத்தில் 30இல் இருப்பது ஏறத்தாழ 30 பங்குதான் இழக்கும். ஆனால் மூடி நல்லதென்றால் தண்ணீர் 30க்கு இறங்கவே நாள் கணக்காகும். அதனால் தினமும் குளிப்பவருக்கு மிஞ்சுவது சில்லறை; வார இறுதியில் மட்டும் இறங்குபவருக்குத்தான் லாபம். 4 கிலோவாட் ஹீற்றர் அந்த 8 பாகையைத் திரும்ப ஏற்ற மூன்றரை மணித்தியாலம் எடுக்கும். அதற்காகக் குளிர்காலத்தில் முழுதாக நிறுத்திவிடாதீர்கள், குழாய் உறைந்து வெடிக்கும்.

மலிவு நேரம் யூனிற்றைக் குறைக்காது, விலையைத்தான் குறைக்கும். ஒன்ராறியோவின் வழமையான நேரக் கட்டணத்தில் வேலைநாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரையும், சனி ஞாயிறு முழுநாளும் மலிவு. 2023இல் வந்த திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை இன்னும் மலிவு. ஆனால் வேலைநாட்களில் பின்னேரம் 4 முதல் 9 வரை விலை ஏறிவிடும். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதே அப்போதுதான். எதை எடுத்தாலும், இரவில் ஏற்றிய சூடு பகல் முழுக்க நிற்க வேண்டும். அங்கேயும் மூடிதான்.

ஹீற் பம்ப் இதமான நாளில் ஒரு யூனிற் கரண்டுக்கு மூன்று யூனிற் அளவு சூடு தரும். சரி, ஆனால் வெளியே குளிர் கூடக்கூட அந்தக் கணக்கு இறங்கும், எங்களுக்கோ பில் ஏறுவதே அப்போதுதான். ஆயிரக்கணக்கில் டொலர் போடுமுன் மூடியைத் தூக்கிப் பாருங்கள்.

எங்கள் பழையதைக் குப்பைக்குக் கொண்டுபோக மகனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். ட்ரைவ்வே நெடுகத் தண்ணீர் ஒழுகி, விடியும்போது ஐஸாகிக் கிடந்தது.