நார்வேயில் கூடாரம் வாடகைக்கு எடுப்பவர்களே, பையைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள்

ஹார்டாங்கர் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கழி) வழியாக, மலை விளிம்பில் நாக்கு போல நீண்டு நிற்கும் ட்ரோல்துங்கா பாறைக்கு ஏறப் போகிறவர்கள் பலர் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மேட், அடுப்பு எல்லாவற்றையும் ஒரே செட்டாக அங்கேயே வாடகைக்கு எடுக்கிறார்கள். அப்படி ஆகஸ்ட் கடைசியில் நான் எடுத்த செட் இது: கூடாரம் ஒழுகியது, பேக் குளிர் தாங்கவில்லை, புதுசு என்று கொடுத்த கேஸ் டப்பா முதல் இரவே தீர்ந்தது. திருப்பிக் கொடுத்தபோது 'உலர்த்தும் கூலி' என்று டெபாசிட்டிலும் கை வைத்தார்கள். கடைப் பெயர் வேண்டாம். ஏமாறும் இடங்கள் எங்கேயும் இவைதான்.

முதலில் பேக். "மைனஸ் 8 வரை தாங்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். உள்பக்கம் தைத்திருக்கும் சின்னத் துணிச்சீட்டைப் புரட்டினால் மூன்று எண்கள் இருந்தன: கம்ஃபர்ட் 9, லிமிட் 5, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 8. ஐரோப்பியத் தர அளவுப்படி, சராசரிப் பெண் ஒருவர் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர்தான் கம்ஃபர்ட். லிமிட் என்பது சராசரி ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கும் எல்லை. எக்ஸ்ட்ரீம் தூங்குவதற்கான எண்ணே அல்ல; அந்தக் குளிரில் ஆறு மணி நேரம் உயிர் தாங்கலாம் என்பதுதான் கணக்கு. ட்ரோல்துங்கா பாறை 1,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கோடை முடியும் நேரத்தில் அங்கே இரவு 3, 4 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். அதனால் கம்ஃபர்ட் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லாத பேக்கை வாங்கவே வாங்காதீர்கள். நம்மைப் போல வெயில் ஊர் உடம்புக்கு அதிலும் இரண்டு மூன்று டிகிரி குறைவான எண்ணாகவே பாருங்கள். மேட்டுக்கு ஆர்-வேல்யூ (தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்ற எண்) கேளுங்கள். 3-க்குக் குறைந்தால், பேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தரைக் குளிர் முதுகில் ஏறும். படுத்ததும் அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கி, சூடு பிடிக்காமல் போய்விடும்.

அடுத்தது கூடாரம். வெளித்துணியின் உள்பக்கம் தண்ணீர் புகாமல் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் அது சிதையும். வாடகைக் கடைகளில் ஒருவர் கொடுத்ததை மறுநாளே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதால் இது அடிக்கடி நடக்கிறது. கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். துணியை விரித்து உள்பக்கம் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள்; பிசுபிசுவென்று ஒட்டினாலோ, வாந்தி போலப் புளித்த வாடை வந்தாலோ பூச்சு போய்விட்டது. தையல் மேல் ஒட்டிய டேப்பை நகத்தால் லேசாகக் கீறுங்கள். இந்தக் கூடாரத்தில் அது வெள்ளை வெள்ளையாகச் செதில் உரிந்தது. அப்படியானால் மழை தையல் வழியாக உள்ளே வரும். தரைத்துணியிலும் இதே சோதனை செய்யுங்கள்; ஈரத் தரையில் முழங்கால் ஊன்றும் இடத்தில்தான் முதலில் தண்ணீர் கசியும். கம்புகளைக் கோத்து, ஒவ்வொரு மூட்டிலும் விரிசல் இருக்கிறதா பாருங்கள். உடைந்த கம்பு மேல் மாட்டும் குழாய்த்துண்டு பையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கம்பி முளைகள் அந்தப் பாறைத் தரையில் வளையும். கயிறுகளைக் கல்லில் சுற்றிக் கட்ட வேண்டிவரும் என்பதால் ஐந்தாறு மீட்டர் கயிறு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் டப்பாவை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அதனால் கடைக்காரர் கொடுப்பதுதான் கதி. 230 கிராம் டப்பா நிறைந்திருந்தால் மொத்த எடை 380 கிராம் அளவுக்கு இருக்கும், வெறும் டப்பா 150 சொச்சம். கடைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். வெறும் பியூட்டேன் என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். பூஜ்ய டிகிரி வாக்கில் அது ஆவியாவதே இல்லை. புரொப்பேன் கலந்ததுதான் எரியும். விறகை நம்பவும் முடியாது. மேலே மரமே கிடையாது. கீழே காட்டிலும் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை தீ மூட்டத் தடை.

"எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம்" என்று கடையில் சொல்வதும் அரைகுறை. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் பயிர் செய்யாத திறந்த நிலத்தில் தங்க உரிமை தருகிறது. ஆனால் ஆள் வசிக்கும் வீடு, குடில் எதிலிருந்தும் 150 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஒப்பந்தத்தில் 'உலர்ந்த நிலையில் திருப்ப வேண்டும்' என்ற வரி இருந்தால், ஈரமாகக் கொடுத்தால் எத்தனை குரோனர் என்று அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். மழை ஓயாத மேற்குக் கரையில் உலர்ந்த கூடாரத்தைத் திருப்புவது நடக்கிற காரியமில்லை. எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் ஒவ்வொரு பொருளையும் கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். துணிச்சீட்டின் எண்களும் டேப்பும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். டெபாசிட்டைத் திருப்பாவிட்டால், கார்டில் கட்டிய பணத்துக்கு வங்கியில் மறுப்புத் தெரிவிக்க இதுதான் சாட்சி.

மேலே போன பிறகு பேக் நனைந்துவிட்டால் விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். நடை தொடங்கும் ஷெக்கடாலிலிருந்து போய்வர 27 கிலோமீட்டர், பாதி தூரம் திரும்பி நடந்தாக வேண்டும். வழியில் ஒதுங்க அவசரக் குடில்கள் உண்டு, போகும்போதே அவற்றை வரைபடத்தில் குறித்துவையுங்கள். நடுக்கம் நிற்காமல் பேச்சு குழறினால் மருத்துவ அவசர எண்ணான 113-ஐ அழையுங்கள்.