புல்லியை மட்டும் மாற்றுவதா, டென்ஷனரையே மாற்றுவதா?

பழைய காரில் ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் ஓட்டும் வெளி பெல்ட் பக்கம் கரகரவென்று சத்தம் வந்தால், எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, டென்ஷனரின் (ஸ்பிரிங் வைத்த ஆர்மால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். உறுமினாலோ ஆட்டம் இருந்தாலோ பேரிங் போய்விட்டது.

புல்லி மட்டும் என்றால் செலவு குறைவு. பல கார்களில் உள்ளே இருப்பது 6203 மாதிரி சாதாரண பேரிங்தான், நம்பர் அதன் சீலிலேயே இருக்கும், பழசைக் கையோடு கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குக் கொண்டுபோனால் அளவு பார்த்து எடுக்கலாம். நடுப் போல்ட் சில மொடல்களில் எதிர்த்திசையில்தான் கழலும், தெரியாமல் பலம் கொடுத்தால் முறிந்துவிடும்.

ஆனால் 15, 20 வருடம் ஓடிய காரில் பேரிங் மட்டுமா தேய்ந்திருக்கும்? ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஆர்ம் திரும்பும் இடத்து புஷ் தேய்ந்து புல்லி சாய்ந்து நிற்கும், அப்படி நின்றால் புதுப் புல்லி போட்டாலும் பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரியும். ஐட்லில் ஏசியைப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று ஆர்மைக் கவனியுங்கள். படபடவென்று துடித்தால் முழு டென்ஷனர்தான், யோசிக்கவே வேண்டாம். கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஏசியோடு ஊரும்போது பெல்ட் வழுக்கினால் சார்ஜ் குறையும், வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் எஞ்சினே கொதிக்கும்.

ஆர்ம் நேராக, அமைதியாக நின்றால் புல்லியே போதும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த டென்ஷனர் மலிவுதான், ஆனால் அது எவ்வளவு ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது, நான் வாங்கமாட்டேன்.

எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டின் டென்ஷனர் என்றால் இந்தப் பேச்சே இல்லை. பல எஞ்சின்களில் அந்த பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு வளையும், அப்புறம் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டும். அதற்குப் புதுசு, முழு செட்.