கியர்பாக்ஸ் ஏற்றும் முன் கிளட்ச் பிளேட்டை மையம் பிடிக்க எது நல்ல வழி?

கிளட்ச் மாற்றும் வேலையில் ஆளைக் களைக்க வைப்பது கடைசிக் கட்டம்தான். எல்லாம் பூட்டியாயிற்று, கியர்பாக்ஸை ஜாக்கியில் தூக்கி நேராக்கியாயிற்று. ஆனால் பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸின் மணி வடிவ முன்பகுதிக்கும்) இன்ஜினுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, அதற்கு மேல் நகர மறுக்கிறது. கிளட்ச் பிளேட் மையத்தில் இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை முறுக்கியதும், கிளட்ச் பிளேட் இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு இறுகிவிடுகிறது. எந்த இடத்தில் இறுகியதோ, அங்கிருந்து பிறகு அசையாது.

எந்தக் கருவி என்று யோசிக்கும் முன், கார் எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும். அம்பாசடர், ஜீப், பொலேரோ போல இன்ஜின் நீளவாக்கில் இருக்கும் வண்டிகளில், இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் பைலட் பேரிங் அல்லது புஷ் இருக்கும். கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைனுக்குள் (நடுத்துளையின் பற்களுக்குள்) புகுந்து, அதன் மூக்கு அந்த பேரிங்கிலும் போய் உட்கார வேண்டும். இரண்டு துளைகளும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், ஓரிரு மில்லிமீட்டர் விலகலே வேலையை நிறுத்திவிடும். இன்ஜின் குறுக்குவாக்கில் இருக்கும் முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் இந்த பேரிங்கே கிடையாது. அங்கே பிளேட்டைப் பிரஷர் பிளேட்டின் நடுவில் நிறுத்தினால் போதும்.

இந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால்தான், கண்ணாலேயே மையம் பார்க்கும் பழக்கத்தை நியாயமாக எடைபோட முடியும். பைலட் பேரிங் இல்லாத காரில், பிரஷர் பிளேட்டின் நடுவை நோக்கி நீளும் டயாஃப்ரம் ஸ்பிரிங் விரல்களின் வட்டத்துக்கும் கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பழகிய கண் துல்லியமாகவே சொல்லிவிடும். அதைக் குறை சொல்ல மாட்டேன். அதே நம்பிக்கையோடு ஜீப்பிலும் கண்ணளவாக வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். அங்கே தேடவேண்டிய மையம் உள்ளே ஒளிந்திருக்கும் சின்னத் துளை. விரல்களின் வட்டம் அதற்கு வழிகாட்டாது.

கிளட்ச் செட்டோடு சில நேரம், பிளேட்டின் நடுத்துளையில் செருகி மையம் பிடிப்பதற்கென ஒரு பிளாஸ்டிக் குச்சி வரும். அந்தக் காருக்கென்றே அளவெடுத்துச் செய்தது என்பதால், வாழ்நாளில் ஒருமுறை இந்த வேலையைச் செய்யப்போகிறவருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அதில் ஒரு பலவீனம் உண்டு. போல்ட்டுகள் தளர்வாக இருக்கும்போது கிளட்ச் பிளேட்டின் எடை முழுவதும் குச்சியின் மேல்தான் விழுகிறது. பிளாஸ்டிக் என்பதால் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பிளேட்டும் கூடவே இறங்கிவிடும். இடது கையால் குச்சியின் வெளிமுனையைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே, அது லேசாக ஆடும் இடத்தில் பிளேட்டைத் தாங்கி, வலது கையால் போல்ட்டுகளை எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்க வேண்டும். ஒரே பக்கமாக முறுக்கினால் பிரஷர் பிளேட்டின் மூடி கோணிவிடும். சிறிய கார்களில் இந்த போல்ட்டுகளுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும் என்பது வழக்கம். இருந்தாலும் அந்தக் காரின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. முறுக்கி முடித்தபின் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் வெளியே வந்து, தடையில்லாமல் உள்ளே போனால் மையம் சரி. இறுக்கிப் பிடித்தால் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி தொடங்குவதே நல்லது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, உடைந்த கியர்பாக்ஸிலிருந்து எடுத்த பழைய இன்புட் ஷாஃப்ட். வளையாது, ஸ்ப்ளைன் பற்கள் அச்சு அசலாகப் பொருந்தும், மூக்கும் பைலட் பேரிங்கில் கச்சிதமாக உட்காரும். நாளை கியர்பாக்ஸ் என்ன செய்யப்போகிறதோ அதை இன்றே ஒத்திகை பார்த்துவிடலாம். புதிய பிளேட்டின் ஸ்ப்ளைன் தவறான அளவு என்றால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும். சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடினால் கிடைக்கும். ஒரே மாடல் வண்டிகள் அடிக்கடி வரும் பட்டறைக்கு இதற்கு நிகர் வேறில்லை. மாடலுக்கு மாடல் ஷாஃப்ட் மாறும் என்பதுதான் குறை.

எல்லா வகை வண்டிகளும் வரும் இடத்துக்கு, பல அளவு முனைகளும் ஒரு கூம்பும் கொண்ட பொதுக் கருவி இருக்கிறது. பைலட் துளைக்கேற்ற முனையைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பலன் நம்பகமானது. ராட்செட் எக்ஸ்டென்ஷன் ராடில் இன்சுலேஷன் டேப் சுற்றி வைப்பது அவசரத்துக்குக் கைகொடுக்கும். டேப் ஒரு பக்கம் தடித்துவிட்டால் மையமும் அந்த அளவுக்கு விலகும் என்பதால், வேறு வழி இருக்கும்போது அதை நாட வேண்டாம்.

எப்படி மையம் பிடித்தாலும், ஏற்றும்போது இடைவெளி மூடவில்லை என்றால் பெல் ஹவுசிங் போல்ட்டுகளைப் போட்டு இழுக்கவே கூடாது. கியர்பாக்ஸின் எடை கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கி, புதிய பிளேட் வளைந்துவிடும். பிறகு வண்டி கிளம்பும்போது அதிரும், கியர் விழ அடம்பிடிக்கும். பழி உதிரிபாகத்தின் மேல் விழும். அதற்குப் பதிலாக, கியர்பாக்ஸை ஏதாவது ஒரு கியரில் போட்டு, அதன் வெளியீட்டு முனையை மெல்லத் திருப்பியபடி தள்ளினால், ஸ்ப்ளைன் பற்கள் மட்டும் முட்டிக்கொண்டிருந்தால் அதோடு வழிவிடும். கேபிள் கிளட்ச் வண்டியில் இன்னொரு வழியும் உண்டு. பெடலை மிதிக்கும்போது டயாஃப்ரம் விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங், அந்த விரல்களைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டால், கேபிளை மாட்டி, ஒருவர் பெடலை மிதிக்க, விடுபட்ட பிளேட் ஷாஃப்டோடு சேர்ந்து தானே நடுவுக்கு வரும். ரிலீஸ் பேரிங்கோடு ஹைட்ராலிக் சிலிண்டரும் சேர்ந்தே பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் கார்களில் மட்டும் இதை முயலக் கூடாது. கியர்பாக்ஸ் முழுதாக உட்காரும் முன் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டு, சிலிண்டரையே மாற்ற நேரும்.