காஷ்மீருக்கு வாங்கிய வண்டி, புனலூரைத் தாண்டவில்லை

பழைய டெம்போ டிராவலரில் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கேரவன் ஆக்கி நாலு வருஷம் ஆகிறது. காஷ்மீர் போகத்தான் வாங்கினோம். இதுவரை ஓடியதில் முக்கால்வாசி தென்காசிக்கும் கேரளத்துப் புனலூருக்கும் நடுவே.

பேட்டரி 200 ஆம்பியர்-ஹவர், லித்தியம். கோடையில் ஃபிரிட்ஜ், ஃபேன் இரண்டையும் அலுங்காமல் இழுக்கும். ஜூனில் சாரல் பிடித்துவிட்டால் கூரைமேல் இருக்கிற சோலார் பேனல் குளிக்குமே தவிர சம்பாதிக்காது.

கூரை ஜன்னல் முதல் மழையிலிருந்தே ஒழுகுகிறது. ஆரியங்காவு தாண்டி இறங்கும்போது தண்ணீர் முன்பக்கம் ஓடி என் தலையணைக்கு வரும். திரும்பி ஏறும்போது பின்னால் அடுப்புக்குப் போகும். வண்டியைக் கட்டித் தந்தவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, சமதரையில நிறுத்துனா ஒழுகாதே" என்றார். மலைப்பாதையில் சமதரைக்கு எங்கே போக?

ஆரியங்காவு டீக்கடையில் எங்களை முதல் வருஷம் ரத்ததான வண்டி என்று நினைத்து ஒருவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார். இப்போது ஹாரன் கேட்டாலே கடைக்காரச் சேட்டன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, "சோர்ச்ச நின்னோ அண்ணாச்சி?" என்பார். ஒழுகல் மலையாளத்தில் சோர்ச்சையாம். பொருத்தமான பெயர்தான். 90 லிட்டர் டேங்க் நிரம்புவதற்குள் கடைநாய் எங்கள் படியில் ஏறிப் படுத்துவிடும். அது எழுந்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

அடுத்து தென்மலைக்கு முன்னால் பதிமூன்று கண்ணறைப் பாலம், அதாவது பதிமூன்று வளைவு வைத்த ரயில் பாலம். 1904இல் ரயில் விட்ட கொல்லம்–செங்கோட்டைப் பாதையில் இருப்பது, ரோட்டிலிருந்தே தெரியும். ஒவ்வொரு தடவையும் இறங்கிப் படம் எடுப்பேன். வீட்டுக்காரி உள்ளே இருந்தபடியே, "ஏங்க, பதிமூணும் இருக்கா, போன மாசத்துக்கு ஒண்ணு குறைஞ்சிருக்கா?" என்பாள். புனலூர் தொங்குபாலத்துக்கும் இதே மரியாதைதான். 1877இல் கட்டியது, நாங்கள் எட்டிப் பார்க்காவிட்டால் ஓடிவிடுமா என்ன.

இதே இடங்களுக்கு ஏன் போகிறோம் என்றால், காரணம் இயற்கை அழகு அல்ல. கக்கூஸுக்குக் கீழே 20 லிட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு பேருக்கு மூன்றாம் நாள் நிறைந்துவிடும். விற்றவர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெட்ரோல் பங்கில் கேட்டால் முறைக்கிறார்கள். வெட்டவெளியில் கவிழ்க்க மனசு வராது, கூடவும் கூடாது. கடைசியில் புனலூரில் ஒரு லாட்ஜ்காரர் பின்பக்கக் கழிவறையில் கொட்டிக் கழுவிக்கொள்ள விட்டார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்; அதனால் அல்வா கொண்டுபோகிறோம். வலது கையில் அல்வா டப்பா, இடது கையில் பெட்டி. ரிசப்ஷன் பையன் எப்போதும் அல்வாவைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்வான். காஷ்மீர் வழியில் மூன்று நாளுக்கு ஒரு லாட்ஜ்காரரை நான் எங்கே போய்ப் பழக்கம் பிடிப்பது?

கேரவன் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். லாட்ஜ் மட்டும் வேறு பாருங்கள். புனலூரில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை.