மண்ணெண்ணெயா, கரன்டா, சோலரா: வன்னித் தோட்டக்கிணற்றுக்கு எது?

கால் ஏக்கர் மிளகாய்க்கு 4 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட 40,000 லீற்றர், அதாவது 40 கனமீற்றர் வேண்டும். அதை 8 மீற்றர் தூக்கும் வேலை 0.87 யூனிற் மின்சாரத்துக்குச் சமம். எந்தப் பம்புக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். மிச்சமெல்லாம் பம்ப் தின்பது.

மண்ணெண்ணெய் பம்ப் அதிகம் தின்னும். எண்ணெயின் சக்தியில் 6 வீதம் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்தால், ஓர் இறைப்புக்கு ஒன்றரை லீற்றர் எரியும். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆக ஏறியபோது இந்தச் செலவு 130 ரூபாயிலிருந்து 510 ஆனது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பாவிட்டால் காபுரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். அடுத்தநாள் கயிறு இழுத்தே கை ஓயும். மேலே வைத்த பம்ப் 7 மீற்றருக்குக் கீழிருந்து உறிஞ்சுவது கடினம். அதற்காகப் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது: புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வெளியேற வழியின்றி அடைபட்டு, இறங்கிய ஆளைக் கொல்லும்.

லைன் தோட்டத்தடிக்கு வந்திருந்தால் கரன்ட் மோட்டர் நல்லது. 40 வீதத் திறனில் அதே வேலைக்கு 2.2 யூனிற் போதும். லைனின் கடைசி முனையில்தான் தொல்லை: 230 வோல்ற் 180 ஆக விழ, மோட்டர் கூடுதல் அம்பியர் இழுத்துச் சுருள் கருகும்.

சோலர் பம்பில் வாங்கிய செலவு போனால் ஓட்டுவதற்குச் சல்லிக்காசு இல்லை. விளம்பரங்கள் பெருமையாகச் சொல்லும் இதுதான் எங்கள் பார்வையில் அதன் பெரிய குறை. ஒரு கிலோவாற் பனல் நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிற் தரும். 8 மீற்றருக்கு அது 70 கனமீற்றருக்கு மேல். 5 மீற்றர் விட்டமுள்ள கிணற்றிலோ ஒரு மீற்றர் தண்ணீர் ஏறினால் 19.6 கனமீற்றர்தான். வவுனியாப் பக்கத்துக் கருங்கல் தரையில், உக்கிய மேற்படையிலும் வெடிப்புகளிலும் இருப்பதுதான் நீர். மண்ணெண்ணெய்க்காரரைச் செலவு நிறுத்தும். சோலர்காரரை எது நிறுத்தும்? கிணறு வற்றிய பிறகும் ஓடினால் பம்பின் சீல் போகும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் அதற்கு முன்பே உவர் ஏறிவிடும்.

இந்தச் சிக்கலுக்குப் பொருளியலாளர் துஷார் ஷா காட்டிய வழி, இறைக்காத மின்சாரத்துக்கும் விலை கொடுப்பது. பத்தரமுல்லையைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் உதவியுடன், குஜராத்தின் துண்டி கிராமத்தில் சோலர் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2016 முதல் அவர்கள் எஞ்சிய மின்சாரத்தை யூனிற் 4.63 இந்திய ரூபாய்க்கு லைனுக்கு விற்றார்கள். அதன்பின் சும்மா இறைத்த தண்ணீர் கைவிட்ட வருமானமாகிறது.

இங்கே அதற்கு நெருங்கியது, தோட்டமும் வீடும் ஒரே வளவில் இருப்பவர்களுக்கு: கூரையில் பனல், கிணற்றில் கரன்ட் மோட்டர். 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தில் எஞ்சிய யூனிற்றுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாய், பிறகு 15.50 என்று இருந்தது. இன்றைய விலையை ஒப்பந்தத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்; முழுக் கணக்கும் அதில்தான் தொங்குகிறது. ஒரு குறை: பற்றரி இல்லாத இணைப்பு, லைனில் கரன்ட் போனதும் தானும் நின்றுவிடும். 2022இன் 13 மணிநேர மின்வெட்டு மாதிரி வந்தால், உச்சி வெயிலிலும் மோட்டர் அசையாது.

லைன் எட்டாத தோட்டம் என்றால் சோலரே சரி; ஆனால் பம்பைக் கிணற்றின் ஊற்றுக்கு அளந்து வாங்குங்கள், காணிக்கு அல்ல. ஆவணியில் பின்னேரம் இறைத்து நிறுத்தி, கயிற்றில் முடிச்சுப் போட்டு மட்டம் பாருங்கள். விடிய எத்தனை மீற்றர் ஏறியதோ அதைக் கிணற்று வாயின் பரப்பால் பெருக்கினால் இராவூற்று தெரியும். பகலிலும் கொஞ்சம் ஊறும். அதைக் கையிருப்பாக விட்டுவிடுங்கள். மட்டம் தாழ்ந்தால் நிறுத்தும் சென்சர் கட்டாயம். தொடராக இணைத்த பனல்களில் ஒன்றில் பனை நிழல் விழுந்தாலும் எல்லாம் சோரும். கடைக்காரர் பழக்கத்தில் தெற்கு நோக்கி 10 பாகை சாய்ப்பார். ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே 14 பாகையில் நிற்பதால், மட்டமாக வைத்த பனலைவிட இறைப்புக் காலத்து உச்சிவேளையில் அதனால் ஏறத்தாழ 6 வீதம் போகும். மழை அழுக்கைக் கழுவுமளவுக்கு 5 பாகை போதும்.