முகூர்த்தப் பூ: மாலைக்காரரா, பூக்கடையா, செயற்கைப் பூவா?

கொழும்புச் செட்டியார் தெருவில், நகைக்கடைகளுக்கு நடுவே கோயில் வாசலில் மாலை கட்டும் முதியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை, மாப்பிள்ளை என்ன உயரம்?" அதே வாரம் கறுவாத்தோட்டத்துப் பூக்கடை ஒன்றில் குளிரூட்டியின் கீழ் உட்கார்ந்திருந்த இளம்பெண் கேட்டது: "மிஸ், உங்கள் கலியாணத்தின் நிறம் என்ன?" மூன்றாவதாகப் போனது செயற்கைப் பூவை வாடகைக்கு விடும் அலங்காரக்காரரிடம்; அவர் எதுவும் கேட்கவில்லை. கைத்தொலைபேசியில் நாற்பது படங்களைத் தள்ளிக் காட்டி, பிடித்ததில் விரலை வைக்கச் சொன்னார். மூவரின் வேலையும் எப்படி இருக்கும் என்பது அந்த முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது என்று இப்போது சொல்வது எளிது. அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கலியாணம் என் தங்கைக்கு. ஆவணி மாதம், பம்பலப்பிட்டியில் மண்டபம், முகூர்த்தம் காலை 9.40. ஐயரையும் சமையல்காரரையும் அம்மா எடுத்துக்கொண்டார். பந்தியும் பஸ்ஸும் அப்பாவுக்கு. பூ என் தலையில் விழுந்தது. விலைகளை இங்கே எழுதப்போவதில்லை. முகூர்த்த நாளுக்கு ஒன்று, மறுநாளுக்கு ஒன்று என்று மாறும் விலையை எழுதினால் அடுத்த மாதமே அது பொய்யாகிவிடும். எந்தப் பூ எத்தனை மணிநேரம் தாங்கும் என்ற கணக்கு அப்படி மாறாது. அதை வைத்துத்தான் மூன்றையும் எடைபோட்டேன்.

கழுத்துக்கும் கொண்டைக்கும்

கழுத்தில் விழும் மாலைக்கும் கொண்டையில் ஏறும் பூவுக்கும் மாலைக்காரரை விட்டு வேறெங்கும் போகாதீர்கள். பூக்கடையிலும் மாலை செய்து தருகிறார்கள். பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் அது பூச்செண்டு கட்டிப் பழகிய கை. கம்பியில் கோத்து, பசை தொட்டு, மார்பில் விறைத்து நிற்கும்படி செய்கிறார்கள். மாதிரிக்குக் காட்டிய ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பிடரியில் கம்பி முனை குத்தியது. செட்டியார் தெரு முதியவரோ பிடரியில் படும் இடத்தைப் பூவே இல்லாமல், துணி சுற்றிய வெறும் நாராக விடுகிறார். உயரம் கேட்டதற்கும் காரணம் உண்டு. குஞ்சம் முழங்காலைத் தாண்டினால் அக்கினியை வலம்வரும்போது மிதிபடும். சம்மணமிட்டு உட்காரும்போது மடியில் குவியும்.

கனத்தையும் யோசிக்க வேண்டும். ரோஜா இதழ்களை நெருக்கி அடுக்கும் தடித்த மாலை படத்தில் கம்பீரமாகத்தான் விழும். தண்ணீர் தெளித்த ஒன்றை வீட்டுத் தராசில் வைத்தேன்: 1.6 கிலோ. கூறைப்புடவை, நகை, சடைநாகம் எல்லாவற்றுக்கும் மேலே இதையும் சுமந்துகொண்டு பிள்ளை சிரிக்க வேண்டும். செவ்வந்தியும் நந்தியாவட்டை மொட்டும் கலந்து கட்டிய மெல்லிய மாலை அதில் பாதிகூட வரவில்லை. அதையே எடுத்தோம். பெரியம்மாவுக்கு மட்டும் மனக்குறை. மாலை தடிப்பாக இல்லையென்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று இரண்டு நாள் புலம்பினார்.

மல்லிகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காலையில் பறித்த மொட்டு அன்று இரவே விரிந்து மணத்தைக் கொட்டிவிடும். மறுநாள் விடிய இதழோரம் பழுப்பேறத் தொடங்கும். ஆகவே மாலை நேர வரவேற்புக்கு அன்றைய பூ கச்சிதம். காலை முகூர்த்தத்துக்கோ, எவ்வளவு கொடுத்தாலும் நீங்கள் சூடுவது நேற்றைய பூ. இறுகிய மொட்டாகத் தெரிந்து கட்டச்சொல்லி, வாழையிலையில் பொதிந்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் விரிவது தள்ளிப்போகும். சொட்டச் சொட்ட நனைத்து மூடிவிடாதீர்கள், அழுகிவிடும். விடிய ஐந்து மணிக்குத் தோழி பொதியைப் பிரித்தபோது பாதி மொட்டுகள் அப்போதுதான் வாய் திறந்திருந்தன. அறை முழுக்க வாசம். அலங்காரத்துக்கு வைத்த ஓர்க்கிட் அத்தனைக்கும் சேர்த்து அந்த வாசம் கிடையாது.

ஆவணிக் கலியாணக்காரர்களுக்கு ஒரு சொல். ஆடியில் முகூர்த்தம் இல்லை என்று மாலைக்காரர் சும்மா இருப்பார் என எண்ணாதீர்கள். கொழும்பில் அது முருகனுக்கு ஆடிவேல் விழா எடுக்கும் மாதம். ஆனி முடிவதற்குள் சொல்லிவைத்துவிட வேண்டும்.

மணவறைக்கு

இங்கே மாலைக்காரரை நம்ப முடியாது. தூணுக்குத் தோரணம் கட்டுவார், வாசலுக்கு வாழைமரமும் கொண்டுவருவார். அதற்கு மேல் அவருக்கு ஆளும் இல்லை, ஏணியும் இல்லை. பூக்கடைதான் வழி. ஆனால் நான் ஏறி இறங்கிய கடைகள் எல்லாம் சிங்களக் கலியாண மேடையான போருவையை அலங்கரித்துப் பழகியவை. போருவையில் மணமக்கள் நிற்பார்கள். மணவறையில் உட்கார்ந்திருப்பார்கள், முன்னால் ஓமகுண்டம், ஐயர், நிறைகுடம், தட்டுகள். முதல் வரைபடத்தில் மேடையின் முன்விளிம்பு நெடுக முழங்கால் உயரத்துக்குப் பூ வரைந்திருந்தார்கள். அப்படி வைத்தால் தங்கையின் நெற்றிப்பட்டம் மட்டும் வெளியே தெரியும். ஐயர் பூவுக்குள் உட்கார வேண்டியதுதான். வாயால் சொல்லிப் பார்த்தேன், விளங்கவில்லை. கடைசியில் கடையின் பளிங்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காட்டினேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பூவையெல்லாம் பின்பக்கத்துக்கும் தூண்களின் மேற்பாதிக்கும் ஏற்றி வரைந்தாள். அந்த ஒரு திருத்தம்தான் எங்கள் மணவறையைக் காப்பாற்றியது.

எந்தப் பூ என்பது அடுத்த சண்டை. ஒரு பக்கம் மலைநாட்டுப் பூ: நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து ரோஜா, கார்னேஷன், செவ்வந்தி. மறுபக்கம் வெக்கையிலேயே வளர்ந்த ஓர்க்கிட்டும் அந்தூரியமும். கம்பஹா, களுத்துறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகின்றன. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் வளர்ந்த ரோஜா லொறியில் ஒரே இரவில் கடல்மட்டத்துக்கு இறங்கினால் அதன் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். காம்பை மறுபடி சரிவாக வெட்டி, சில மணிநேரம் தண்ணீர் குடிக்கவிட்டால் தேறும். நேரே மேடைக்கு ஏற்றினால் தாலி கட்டுவதற்குள் கழுத்து தொங்கும். மலையில் மழை பிடித்தால் இதழில் புள்ளி விழும். பெப்ரவரி 14ஐ ஒட்டி முகூர்த்தம் வைத்தவர்களுக்கு ரோஜா விலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தூரியத்துக்கு இந்தச் சீராட்டு எதுவும் வேண்டாம். பார்ப்பதற்கு மெழுகில் செய்ததுபோல் இருக்கும், நெஞ்சைத் தொடாது. ரோஜாவின் மென்மை அதற்கு ஒருநாளும் வராது. ஆனால் காற்றோட்டம் குறைந்த மண்டபத்தில், ஓமத்தின் சூட்டருகே, ஐந்து மணிநேரம் நிற்க வேண்டும் என்றால் என் கை அந்தூரியத்துக்கும் ஓர்க்கிட்டுக்கும்தான் போகும். ரோஜாவை மணமக்களுக்குப் பின்னால், கண்மட்டத்தில் ஒரு கொத்தாக மட்டும் வைத்தோம். பார்ப்பவர் கண் போய் நிற்கும் இடம் அதுதான்.

கடையைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: "ஓர்க்கிட்டை இரவில் எங்கே வைப்பீர்கள்?" ரோஜாவுக்கு 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிர் நல்லது. ஓர்க்கிட்டும் அந்தூரியமும் 12 பாகைக்குக் கீழே போனால் கறுத்துப்போகும். எல்லாவற்றையும் ஒரே குளிரறையில் அடைக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லும் கடையில் இரண்டில் ஒன்று கெடும். ஒரு கடையில் அந்தக் குளிரறையைக் கதவு திறந்தே காட்டினார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நம் வீட்டுத் தவறும் உண்டு. முதல்நாளே பூ வந்து இறங்கினால், பழத்தட்டுகளோடு ஒரே அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். வாழைப்பழமும் மாம்பழமும் பழுக்கும்போது எதிலீன் வாயுவை விடுகின்றன. கார்னேஷனுக்கு அது பட்டால் இதழ்கள் உள்ளே சுருண்டு தூங்கிவிடும், பிறகு எத்தனை தண்ணீர் தெளித்தாலும் எழும்பாது. ஓர்க்கிட்டும் உதிரும். பழம் ஒரு அறை, பூ ஒரு அறை.

பூவைக் குத்தி நிறுத்தும் பச்சைக் கட்டியைப் பற்றியும் கேளுங்கள். 1954இல் அமெரிக்காவில் வந்த சரக்கு. ஒயாசிஸ் என்றே எல்லாரும் சொல்வார்கள். தண்ணீரைப் பிடித்து வைப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அது ஒருவகைப் பிளாஸ்டிக், மண்ணில் மக்காது. எங்கள் பூக்கடைக்காரி தூண்களுக்கு அதையும், நிலத்தில் வைத்தவற்றுக்குத் தண்ணீர்ச் சட்டியில் கம்பிவலையையும் பயன்படுத்தினாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

நீல ஓர்க்கிட் மட்டும் வேண்டாம். பெரும்பாலும் வெள்ளைப் பூவுக்குச் சாயம் ஏற்றித்தான் அந்த நீலம் வருகிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் உறவில் ஒரு கலியாணம். வாட்டம் தெரியக்கூடாது என்று கடைப் பையன் மேடைக்கு ஓயாமல் தண்ணீர் விசிறினான். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் முழங்காலுக்கு மேல் ஏழு நீலப் புள்ளிகள். கன்னிகாதானப் படங்கள் எல்லாவற்றிலும் அவர் இடது கையை அந்த இடத்தில் வைத்திருக்கிறார்.

செயற்கைப் பூ

வாடாது, எடுத்த படத்தில் வேறுபாடும் தெரியாது. கூரைக்கும் பின்திரைக்கும் வாடகைக்கு எடுத்தோம். பதினைந்து அடி உயரத்தில் யாரும் மோந்து பார்க்கப்போவதில்லை. தூசி தட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள், முந்தைய கலியாணத்துச் சாம்பிராணிப் புகை அதில்தான் குந்தியிருக்கும். ஓமகுண்டத்துக்கு நேர்மேலே மட்டும் ஒரு இதழ்கூடக் கட்ட விடாதீர்கள். நெய் ஊற்ற ஊற்றச் சுவாலை எழும்பும், துணிப்பூ பற்றிக்கொள்ளும்.

இப்படி மூன்று பேரையும் வைத்துக்கொண்டால் மூன்று முற்பணம், விடியற்காலையில் மூன்று தொலைபேசி அழைப்புகள். ஒரே கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க விரும்புபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்படியானால் பூக்கடையிடம் கொடுங்கள், மாலையை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க மறந்தது ஒன்று: முடிந்தபின் பூ யாருக்கு? பின்னேரம் மூன்று மணிக்கு மண்டபத்தை அடுத்தவருக்கு விட வேண்டியிருந்தது. கடைப் பையன்கள் சட்டிகளோடு பூவையும் லொறியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். பெரியம்மாதான் ஓடிப்போய், "காசு கொடுத்தது நாங்கள்" என்று தமிழிலேயே அதட்டி, ஓர் அணைப்பு அந்தூரியத்தை மீட்டுக்கொண்டு வந்தார். நாலாம் சடங்குக்கு வெள்ளவத்தை வீட்டு வாசலில் நின்றது அதுதான்.