பொத்தான் பூட்ஸா, லேஸ் பூட்ஸா: நூறாண்டு கடந்த பெண்கள் காலணிகளில் எதை வாங்குவது?

ஐந்து ஆண்டுகளுக்கு முன் டொரொண்டோவில் நடந்த ஒரு பழம்பொருள் விற்பனையில் இரண்டு ஜோடி பெண்கள் பூட்ஸ் அருகருகே இருந்தன. இரண்டும் 1905க்கும் 1915க்கும் இடைப்பட்டவை. இரண்டும் கறுப்பு மெருகேற்றிய ஆட்டுத்தோலால் ஆனவை. ஒன்று பக்கவாட்டில் 12 பொத்தான்களால் பூட்டுவது, மற்றது முன்புறம் லேஸ் கட்டுவது. நான் பொத்தான் ஜோடியை எடுத்துக்கொண்டேன், உடன் வந்த தோழி லேஸ் ஜோடியை வாங்கினார். அன்று முதல் இரண்டையும் நாங்கள் சேர்ந்தே பராமரித்து வருவதால், இந்த ஒப்பீட்டைக் கைப்பட்ட அனுபவத்திலிருந்து எழுத முடிகிறது.

தோலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு சொல்வதற்கில்லை. அமெரிக்க வேதியியலாளர் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884இல், குரோமிய உப்புகளால் தோலைப் பதனிடும் ‘குரோம்’ முறைக்குக் காப்புரிமை பெற்ற பின், பிலடெல்பியாவில் ராபர்ட் ஃபோர்டரர் அம்முறையில் மெருகேற்றிய ஆட்டுத்தோலைப் பெருமளவில் உருவாக்கினார். மரப்பட்டையில் பதனிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோல்களைச் செந்தூளாக உதிரச் செய்யும் நோய் குரோம் தோலை அண்டுவதில்லை. (அதே காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் கப்பல் கப்பலாக வெளிநாடு சென்றது என்பதை நினைக்கும்போது, இக்காலணிகள் எனக்கு இன்னும் நெருக்கமாகின்றன.) அடித்தோலும் இரண்டிலும் இயந்திரத் தையலே.

வேலைப்பாட்டில்தான் என் மனம் பொத்தான் பக்கம் சாய்ந்தது. தோலைக் கால்வடிவ அச்சுக்கட்டையின் மேல் இழுத்துப் பொருத்தும் வேலையில், தேர்ந்த கைவினைஞர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 ஜோடிகளை முடிப்பார். 1883இல் அமெரிக்காவின் லின் நகரத்து யான் மாட்செலிகர் காப்புரிமை பெற்ற இயந்திரம் அந்த வேலையைப் பல மடங்கு விரைவாக்கியது. அதன் பிறகும், பொத்தான் பூட்ஸின் மேல்மடிப்பை அலையலையாக வெட்டி, ஒவ்வொரு வளைவிலும் ஒரு காஜா எடுத்து, கணுக்கால் ஒடுங்கிக் கெண்டைக்கால் விரியும் கோட்டை ஒட்டிப் பொத்தான்களை வரிசைப்படுத்துவதில் கண்ணளவு வேண்டியிருந்தது. என் ஜோடியில் மேலிருந்து மூன்றாவது பொத்தானுக்கு அருகே பழைய ஊசித்துளைகள் தெரிகின்றன. அணிந்தவரின் காலுக்கேற்ப யாரோ அதைச் சற்றே நகர்த்தித் தைத்திருக்கிறார். லேஸ் பூட்ஸில் இத்தகைய தடயம் எதுவும் மிஞ்சவில்லை.

ஆயினும், வாங்க நினைப்பவருக்கு நான் முதலில் சொல்வது அழகைப் பற்றி அன்று, உலோகத்தில் படரும் பச்சைக் களிம்பைப் பற்றியே. லேஸ் கோக்கும் துளைகளில் பதித்த ஐலெட்டுகள் என்னும் சிறு உலோக வளையங்கள் பெரும்பாலும் பித்தளை. தோலுக்குள் ஏற்கெனவே உள்ள கொழுப்பும், முந்தைய உரிமையாளர்கள் அக்கறையோடு தடவிய எண்ணெயும் மெழுகும் அந்தப் பித்தளையிலுள்ள செம்போடு வினைபுரிந்து, பச்சை நிற மெழுகுபோலத் துளையோரங்களில் திரள்கின்றன. தோழியின் பூட்ஸில் அதை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுக்கிறோம், அடுத்த ஆண்டும் அது வருகிறது. தோலோடு மடித்து நசுக்கப்பட்டிருப்பதால் ஐலெட்டைத் தோல் கிழியாமல் கழற்றுவது மிகக் கடினம். எனவே நோயின் வேரை விட்டுவிட்டு இலையை மட்டும் கிள்ளிக்கொண்டிருக்கிறோம். பொத்தான் பூட்ஸிலும் உலோகம் உண்டு. ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் ஒரு கம்பி வளையம் இருக்கிறது, அது துருவும் பிடிக்கும். ஆனால் அது நூலில்தான் தொங்குகிறது. நூலை வெட்டி, பொத்தானை எடுத்து, அதே துளை வழியாக வேறொன்றைத் தைத்துவிடலாம். பின்னாளில் வேண்டாமென்றால் அதையும் தோலுக்குச் சேதமின்றி அகற்றலாம். பழம்பொருளைக் காப்பதில், செய்த சீரமைப்பைத் திரும்ப எடுக்க முடிவதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரியவில்லை.

பொத்தான் பூட்ஸின் குறை காஜாக்களில் இருக்கிறது. பொத்தான் மாட்டும் கொக்கியை உள்ளே விட்டுப் பொத்தானை இழுக்கும் ஒவ்வொரு முறையும் காஜாவின் ஓரம் விசையைத் தாங்குகிறது, கிழிந்த காஜாவை மறைவாகச் சீர்செய்வது எளிதன்று. அதனால் நான் என் ஜோடியைப் பூட்டுவதே இல்லை. அமிலமற்ற தாளை உள்ளே நிரப்பி, மடிப்பைச் சும்மா சாய்த்து வைத்திருக்கிறேன். காலில் அணிந்து பார்க்க விரும்புவோருக்கு லேஸ் பூட்ஸே பொருந்தும், ஏனெனில் அது காலின் பருமனுக்கேற்ப இளகிக்கொடுக்கும். அணிந்து நடப்பதால் நேரும் தேய்மானத்தைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. நாங்கள் இருவரும் ஒருமுறைகூட அணிந்ததில்லை. கனடாவின் குளிர்காலத்தில் வீட்டுச் சூடேற்றி காற்றை உலர்த்துவதால் தோல் இறுகுவதும் இரண்டுக்கும் ஒன்றுபோலவே நேர்கிறது.

இதுவரை நான்கு பொத்தான்களை மாற்றியிருக்கிறேன். கழற்றிய பழையவை, எந்தக் காலில் எத்தனையாவது என்று எழுதிய சிறு உறைகளில், அதே பெட்டிக்குள் இருக்கின்றன.